உலகமே கொண்டாடின பையன், கையில வாரத்துக்கு 6.25 டாலர்: ஜாக்கி கூகன் கதை

வணக்கம் நண்பர்களே. இன்னிக்கு ஜாக்கி கூகனைப் பத்திப் பேசப் போறோம். பேரு சொன்னா சட்டுன்னு பிடிபடாம இருக்கலாம். ஆனா சாப்ளினோட 'த கிட்' படத்துல, பெரிய தொப்பியும் கிழிஞ்ச பேன்ட்டுமா வந்து, வீட்டு ஜன்னல்ல கல்லை விட்டு எறிஞ்சிட்டு ஓடுவானே ஒரு குட்டிப் பையன், பின்னாடியே சாப்ளின் உடைஞ்ச ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவரா வந்து நிப்பாரே, அந்தப் பையன்தான்.

இவரோட கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் "பெத்த அம்மாவே காசை எல்லாம் எடுத்துக்கிட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. நடந்தது உண்மைதான். ஆனா அந்த அம்மா அதைத் திருட்டுத்தனமா செய்யலை. அன்னிக்கு இருந்த கலிஃபோர்னியா சட்டம் அவங்க பக்கம்தான் இருந்துச்சு. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் அதுதான். அதனால பணம் எப்படிப் போச்சு, சட்டம் எப்படி மாறுச்சு, மாறின பிறகும் எங்க ஓட்டை இருந்துச்சுன்னு கொஞ்சம் நிதானமாவே பார்ப்போம்.

1914 அக்டோபர் 26, லாஸ் ஏஞ்சலஸ்ல பிறந்தவர். அப்பா, அம்மா ரெண்டு பேருமே மேடைக் கலைஞர்கள். அப்பாவுக்கு நடனம்தான் தொழில். 1919ல அங்க ஆர்ஃபியம் தியேட்டர்ல அப்பாவோட நிகழ்ச்சியில பையனும் மேடைக்கு வந்து ஒரு குத்தாட்டம் போடுறான். கூட்டத்துல சாப்ளின் உட்கார்ந்திருக்கார். முதல்ல ஒரு குட்டிப் படத்துல தலை காட்ட வைக்கிறார், அடுத்தது 'த கிட்'. படம் 1921ல வந்தது. படப்பிடிப்பு நடந்தப்போ பையனுக்கு நாலஞ்சு வயசுதான்.

அந்தப் படத்துல அநாதை இல்லத்துக்காரங்க பையனை வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போவாங்க. அவன் ரெண்டு கையையும் நீட்டிக் கதறுவான். நூறு வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் நெஞ்சு அடைக்கிற காட்சி. அது எப்படி எடுத்தாங்கன்னு சாப்ளினே தன் சுயசரிதையில சொல்லியிருக்கார். பையன் நல்லா விளையாடிக்கிட்டு இருந்த நேரம், அழுகை வரலை. அவங்க அப்பா "நான் பார்த்துக்கிறேன்"னு தனியா கூட்டிட்டுப் போய், "அழலைன்னா உன்னை நிஜமாவே அநாதை விடுதிக்கு அனுப்பிடுவேன்"னு சொல்லியிருக்கார். பையன் அழுதான், கேமரா ஓடிச்சு. சாப்ளின் மனசு கேக்காம அவனைத் தூக்கி சமாதானப்படுத்தினப்போ, அப்பா சும்மாதான் சொன்னார்னு எனக்குத் தெரியும்னு காதுல சொன்னானாம். இதைப் பலரும் ஒரு சுவையான சம்பவமா சொல்வாங்க. என்னால அப்படி ரசிக்க முடியலை. வேலை நடக்கணும்ங்கிறதுக்காக, "வீட்டை விட்டு அனுப்பிடுவேன்"ங்கிற பயத்தைப் பெத்த அப்பாவே கையில எடுக்கிறார். செட்டுல அந்தப் பிள்ளைக்காக மட்டும் நிக்கிறதுக்குன்னு ஒரு ஆள் கிடையாது.

இன்னிக்கு கலிஃபோர்னியாவுல அந்த ஆள் இருக்காங்க. ஸ்டூடியோ டீச்சர்னு பேரு. பாடம் சொல்லிக் கொடுக்கிறதோட பிள்ளையோட உடல்நலம், பாதுகாப்பு, மனநிலை எல்லாத்துக்கும் அவங்க பொறுப்பு. சரியில்லைன்னு பட்டா பிள்ளையை அங்க இருந்து கூட்டிட்டுப் போற அதிகாரமும் உண்டு. நேரக் கணக்கும் கறார். ஆறுல இருந்து எட்டு வயசு வரைக்கும், பள்ளி நாள்னா, செட்டுல மொத்தம் 8 மணி நேரம். அதுல 4 மணி நேரம் வேலை, 3 மணி நேரம் படிப்பு, 1 மணி நேரம் ஓய்வு. ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற கைக்குழந்தைன்னா கேமரா முன்னாடி ஒரு நாளைக்கு வெறும் 20 நிமிஷம்.

சரி, கூகனுக்கு வருவோம். 'த கிட்'டுக்கு அப்புறம் பையன் தொட்டதெல்லாம் பணம். பொம்மை, விசில், நோட்டுப் புத்தகம், கடலை வெண்ணெய்னு எல்லாத்துலயும் அவன் படம். 1922ல ஆலிவர் ட்விஸ்ட்டா நடிச்சான். 1924ல துருக்கி, அர்மேனியா பக்கம் போர்ல அநாதையான பிள்ளைகளுக்காக 'நியர் ஈஸ்ட் ரிலீஃப்' அமைப்போட ஊர் ஊரா போய், பத்து லட்சம் டாலருக்கு மேல மதிப்புள்ள உணவும் துணியும் திரட்டிக் கொடுத்தான். போப்பாண்டவர் நேர்ல பார்த்தார். அப்போ வயசு ஒன்பது, பத்து.

வீட்டுல என்ன நிலைமை? பத்து வயசு வரைக்கும் பள்ளிக்கூடமே கிடையாது, வீட்டுக்கு வாத்தியார் வந்தார். வர்ற காசு எல்லாம் 'ஜாக்கி கூகன் புரொடக்‌ஷன்ஸ்'ங்கிற கம்பெனிக்குப் போகும். பேரு பையனோடது, நிர்வாகம் அப்பா அம்மா கையில. பையனுக்குக் கைச்செலவு வாரம் 6.25 டாலர். "உனக்கு 21 வயசானதும் எல்லாம் உனக்குத்தான்"ங்கிற நம்பிக்கையிலேயே அவன் வளர்ந்தான். எழுத்துல எதுவும் இல்லை. இந்த இடத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க, பின்னாடி எல்லாமே இதுலதான் தொங்கும்.

வளர வளர மவுசு குறைஞ்சது. 1927ல அந்தப் பிரபலமான தலைமுடியை வெட்டினதையே ஒரு படமாக்கி ஓட்டினாங்க. பேசும்படம் வந்த பிறகு 1930ல டாம் சாயரா ஒரு சுத்து வந்தார், அவ்வளவுதான்.

1935 மே 4. மெக்சிகோவுல புறா வேட்டை முடிச்சிட்டுத் திரும்பி வர்ற வழியில, சான் டியாகோ பக்கம் மலைப்பாதையில கார் உருண்டது. அப்பா, உயிர் நண்பனான நடிகர் ஜூனியர் டர்கின், இன்னும் ரெண்டு பேர்னு நாலு பேர் இறந்தாங்க. பிழைச்சது ஜாக்கி மட்டும். அஞ்சு மாசம் கழிச்சு 21 வயசு முடியுது. பணம் வரலை. குடும்பத்தோட கணக்கு வழக்கைப் பார்த்துக்கிட்டு இருந்த ஆர்தர் பெர்ன்ஸ்டைனை அம்மா மறுமணம் பண்ணிக்கிட்டாங்க. கணக்குப் பார்க்கிறவரே மாற்றாந்தகப்பனா வந்தாச்சு, அப்போ கணக்கைக் கேக்க யார் இருக்கா?

1938 ஏப்ரல்ல அம்மா மேலயும் மாற்றாந்தகப்பன் மேலயும் வழக்குப் போட்டார். சின்ன வயசுல அவர் சம்பாதிச்சது 30லிருந்து 40 லட்சம் டாலர் இருக்கும்னு கணக்கு. அது ரோமக் கோட்டு, வைரம், கார்னு கரைஞ்சிருந்தது. அம்மா தரப்பு வாதம் என்ன தெரியுமா? அவனுக்கு எதுவும் தர்றதா யாரும் வாக்குக் கொடுக்கலை, கேமரா முன்னாடி அவன் விளையாடிக்கிட்டுதானே இருந்தான், 21 வயசுக்குள்ள பிள்ளை சம்பாதிக்கிறது பெத்தவங்களுக்குத்தான் சொந்தம். கேக்கவே கசப்பா இருக்கு. ஆனா கடைசியா சொன்னது அன்னைய சட்டப்படி சரி. வயலுக்கும் மில்லுக்கும் போற பிள்ளையோட கூலி குடும்பத்துக்குச் சேரணும்னு இருந்த விதி, லட்சக்கணக்குல சம்பாதிக்கிற பிள்ளைக்கும் அப்படியே பொருந்திச்சு.

1939ல சமரசம் ஆச்சு. மிச்சம் இருந்ததே ரெண்டரை லட்சம் டாலர் சொச்சம்தான். அதுல பாதி, 1,26,000 டாலர், இவர் கைக்கு வந்தது. நடுவுல கஷ்டப்பட்டப்போ சாப்ளின் 1,000 டாலர் கொடுத்து உதவினார்னு சொல்வாங்க. நடிகை பெட்டி கிரேபிளை 1937ல கல்யாணம் பண்ணியிருந்தார். வழக்கு நடந்த அந்தக் காலத்துலேயே அந்தக் குடும்பமும் உடைஞ்சது.

இந்த அநியாயம் பத்திரிகையில நாறினதாலதான் 1939ல கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டுச்சு. எல்லாரும் 'கூகன் சட்டம்'னு சொல்றது அதைத்தான். அவருக்கு அதால பைசா பிரயோஜனம் இல்லை, இனி வர்ற பிள்ளைகளுக்குத்தான். அதுவும் முழுசா இல்லை, ஏன்னா அதுல ஒரு பெரிய ஓட்டை. மைனர் போட்ட ஒப்பந்தத்தை அந்த மைனரே பின்னாடி செல்லாதுன்னு சொல்லிடலாம். அதுக்குப் பயந்து ஸ்டூடியோக்கள் நீண்டகால ஒப்பந்தங்களை நீதிமன்றத்துல கொண்டுபோய் உறுதி பண்ணிக்குவாங்க. அப்படி வர்றப்போ மட்டும், நீதிபதி நினைச்சா, சம்பாத்தியத்துல ஒரு பகுதியை, அதிகபட்சம் பாதி வரைக்கும், ஒதுக்கச் சொல்லலாம். விளம்பரம், டிவியில ஒரு எபிசோடுன்னு ரெண்டு மூணு நாள் வேலைக்கு யார் நீதிமன்றம் போவாங்க? யாரும் போகலை. ஒதுக்கின காசு போக மிச்சம் யாருக்குச் சொந்தம்ங்கிறதையும் சட்டம் மாத்தலை. அது பழையபடி பெத்தவங்களுக்கே.

அதனால அதுக்கப்புறமும் இதே கதை தொடர்ந்தது. 1970கள் கடைசியில டிவியில கொடிகட்டிப் பறந்த கேரி கோல்மன் 1989ல பெத்தவங்க மேலயும் மேனேஜர் மேலயும் வழக்குப் போட்டு, 1993ல சுமார் 12.8 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு வாங்கினார். இந்த மாதிரி வளர்ந்த பிள்ளைகளுக்காகவே, முன்னாள் குழந்தை நட்சத்திரமான பால் பீட்டர்சன் 1990ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சு விடாம போராடினார்.

கடைசியில 2000 ஜனவரி 1ல இருந்துதான் ஓட்டை அடைபட்டுச்சு. ரெண்டு மாற்றம். ஒண்ணு, பிள்ளை சம்பாதிக்கிறது பிள்ளையோட தனிச்சொத்து, பெத்தவங்களோடது இல்லை. ரெண்டு, நீதிமன்றம் போனாலும் போகலைன்னாலும் மொத்த சம்பளத்துல 15 சதவீதத்தை வேலை கொடுக்கிறவரே பிடிச்சு டிரஸ்ட் கணக்குல கட்டியாகணும்.

நடைமுறை இப்படி. வேலைக்கு முன்னாடியே பெத்தவங்க கலிஃபோர்னியாவுல இருக்கிற வங்கியிலயோ கிரெடிட் யூனியன்லயோ 'கூகன் அக்கவுன்ட்'னே கேட்டுத் திறக்கணும். சாதாரண சேமிப்புக் கணக்கோ, கல்லூரிப் படிப்புக்குப் போடுற கணக்கோ செல்லாது. வேலை ஒப்பந்தம் ஆனதும் 10 வேலை நாளுக்குள்ள கணக்கு விவரத்தை எழுதி கம்பெனிக்குக் கொடுக்கணும். அந்த விவரம் கைக்கு வந்த 15 வேலை நாளுக்குள்ள கம்பெனி காசைக் கட்டணும். 18 வயசு வரைக்கும் நீதிமன்ற உத்தரவு இல்லாம யாராலயும் எடுக்க முடியாது. 18 முடிஞ்சதும் சான்றளிக்கப்பட்ட பிறப்புச் சான்றிதழோட போனா பிள்ளையே எடுத்துக்கலாம்.

எங்க தப்பு நடக்குது? கணக்கு விவரம் கொடுக்க மறந்துடுவாங்க. 180 நாள் தாண்டினா அந்த 15 சதவீதம் நடிகர் நல நிதி அமைப்புக்குப் போய் உட்கார்ந்துடும். வளர்ந்த பிறகு தனக்கு அப்படி ஒரு காசு இருக்குன்னே தெரியாம போறவங்க உண்டு, ஆனா பேரைக் கொடுத்துத் தேடி வாங்க முடியும். அடுத்தது, 15 சதவீதம்ங்கிறது கமிஷன், வரி எதுவும் கழிக்காத முழு சம்பளத்துல. 10,000 டாலர்னா 1,500. ஏஜென்டுக்கு 10 சதவீதம், மேனேஜர் வச்சிருந்தா 15 சதவீதம் போனா, வரி கட்டுறதுக்கு முன்னாடி மிச்சம் 6,000. அந்த 6,000மும் சட்டப்படி பிள்ளையோடதுதான். ஆனா அதைப் பூட்டி வைக்கச் சொல்ற கட்டாயம் இல்லை. இன்னிக்கும் சண்டைக்கு இடம் இருக்கிறது இந்த இடத்துலதான். சம்பளச் சீட்டுல கூகன் பிடித்தம்னு ஒரு வரி இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பார்க்கணும், அதே தொகை வங்கியில விழுந்துச்சான்னும் பார்க்கணும். கூட்டத்துல ஒருத்தரா நிக்கிற வேலைக்கு கலிஃபோர்னியாவுல இந்தப் பிடித்தம் கிடையாது.

கூகன் அப்புறம் என்ன ஆனார்? 1941ல ராணுவத்துல சேர்ந்தார், கிளைடர் பைலட் ஆனார். 1944 மார்ச்ல அசாம் லாலாகாட்ல இருந்து கிளம்பி, பர்மாவுல ஜப்பான் படைக்குப் பின்னாடி ராத்திரியில வீரர்களை இறக்கின அந்த நடவடிக்கையில இவரும் ஒரு பைலட். ஒரே விமானம் ரெண்டு கிளைடரைக் கட்டி இழுத்துச்சு, பல கயிறு நடுவானத்துல அறுந்தது. எஞ்சின் இல்லாத வண்டி, இறங்குறதுக்கு ஒரே வாய்ப்பு. திரும்பி வந்து கிடைச்ச சின்ன வேஷமெல்லாம் நடிச்சார். 1964ல இருந்து 66 வரைக்கும் 'ஆடம்ஸ் ஃபேமிலி' டிவி தொடர்ல மொட்டைத்தலை அங்கிள் ஃபெஸ்டரா வந்தப்போதான் அடுத்த தலைமுறை அவரைக் கண்டுக்கிச்சு. 1984 மார்ச் 1ல, 69 வயசுல காலமானார். தன் பேர்ல இருந்த சட்டத்தோட ஓட்டை அடைபட்டதை அவர் பார்க்கலை.

இப்போ நம்ம ஆளுங்க பக்கம் வரேன், அதாவது வீடியோ போடுறவங்க. பிள்ளையை வச்சு குடும்ப வ்லாக் எடுத்தா அது வேலையா விளையாட்டான்னு அதே பழைய கேள்வி திரும்பி வந்துச்சு. "விளையாடிக்கிட்டுதானே இருந்தான்"னு அந்த அம்மா சொன்னாங்களே, அதே கேள்விதான். இல்லினாய் மாநிலம் 2024 ஜூலை 1லயும் கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1லயும் சட்டம் கொண்டுவந்தாங்க. சுருக்கமா கணக்கு இது: 30 நாள்ல போட்ட வீடியோக்கள்ல குறைஞ்சது 30 சதவீதத்துல பிள்ளை வந்தா, அந்த வருமானத்துல பிள்ளை வர்ற பங்குல பாதியை ஒதுக்கணும். ஒரே பிள்ளை, 60 சதவீதம் வருதுன்னா, 30 சதவீதம் டிரஸ்ட்டுக்கு. எத்தனை வீடியோ, பிள்ளை எத்தனை நிமிஷம் வந்துச்சு, எவ்வளவு வருமானம், எவ்வளவு கட்டினோம்னு எல்லாத்துக்கும் பதிவு வச்சிருக்கணும். வைக்கலைன்னா அந்தப் பிள்ளையே வழக்குப் போடலாம். கூகனுக்கு 1938ல எழுத்துல ஒரு ஆதாரம் கூட இல்லாம போச்சே, அந்த ஆதாரத்தை இப்போ வீடியோ போடுற பெத்தவங்களே எழுதி வச்சாகணும்.