நிறைந்த காரும் நிறையாத டயரும்

வணக்கம் நேயர்களே. பொங்கலுக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ கிளம்பும்போது காரில் என்னென்ன ஏறும் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து பேர், நாலைந்து பைகள், ஒரு அரிசி மூட்டை, கடைசி நிமிடத்தில் ஒரு பித்தளை அண்டா. ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலே 325. சாமான்களையும் சேர்த்தால் 400 கிலோவைத் தாண்டிவிடும். காற்றை மட்டும் எப்போதும் அடிக்கிற அளவோடு நிறுத்திவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போனோம். வீட்டிலேயே நான்கு டயருக்கும் 32 பிஎஸ்ஐ அடித்திருந்தேன். திண்டிவனம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் பார்த்தால் 36 காட்டியது. அதிகமாகிவிட்டதே என்று பயந்து, 32 வரும்வரை நானே இறக்கிவிட்டேன். பெரம்பலூர்ப் பக்கம் டீ குடிக்க இறங்கினால் ரப்பர் கருகுகிற வாடை. பின் டயரைத் தொட்டவன் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். அவ்வளவு சூடு.

நடந்தது இதுதான். ஓடுகிற டயர் சூடாகும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் ஏறும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ கூடும். அந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி அளவு சொல்கிறது. சூட்டில் நான் இறக்கிய 32, ஆறிய பிறகு 28தான். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். நடுத்தர காரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு சுமார் 850 சுற்று. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சுடுமே, அதே சங்கதி. டயர் வெடிப்பது பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான்.

சரி, எவ்வளவு அடிப்பது? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம். இரண்டு மூன்று பேருக்கு ஒரு அளவு, முழுச் சுமைக்கு வேறு அளவு என்று பல கார்களில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். என் காரில் முழுச் சுமைக்கு முன்னால் 33, பின்னால் 38. டிக்கியில் வைப்பதெல்லாம் பின் அச்சின் மேல்தானே உட்காருகிறது! அன்றைக்கு என் பின் டயரில் 10 பிஎஸ்ஐ குறைவு.

டயர் மேலேயே ஒரு அழுத்த எண் இருக்கும். அது அந்த டயருக்கான உச்ச வரம்பு, உங்கள் காருக்கான அளவு இல்லை. டயரின் சைஸ் எண்ணுக்குப் பக்கத்தில் 88 என்று இருந்தால் அந்த டயர் அதிகபட்சம் 560 கிலோ தாங்கும். எவ்வளவு காற்றை ஏற்றினாலும் அதற்கு மேல் தாங்காது. ஆகவே மேலே கேரியர் கட்டி இன்னும் இரண்டு மூட்டை ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

காற்றுப் பார்ப்பதைக் காலையில், வண்டி எடுக்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள். ஊர் போய்ச் சாமான் இறக்கியதும், அதேபோல் ஒரு காலையில், பழைய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும், டயரும் நடுவில் மட்டும் தேயும்.

அப்புறம், பின்பக்கம் அமுங்கினால் முன்விளக்கு மேலே பார்க்கும். ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு இருந்தால், அது அதற்காகத்தான்.