பிரேக்கை மிதித்தால் விளக்கு அணைகிறதே, ஏன்? பார்வையாளர் சந்தேகமும் விளக்கமும்

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாட்களாக விடவே இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். அவருடைய கேள்வியை அப்படியே படித்துவிடுகிறேன். "ஐயா, நான் 1998ஆம் ஆண்டு வாங்கிய காரை இன்னும் ஓட்டி வருகிறேன். இரவில் விளக்கைப் போட்டால் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் நன்றாக எரிகின்றன. ஆனால் பிரேக்கை மிதித்தவுடன் வலது விளக்கு பிரகாசமாகிறது, இடது விளக்கு ஏறக்குறைய அணைந்தே விடுகிறது. அதே நேரத்தில் இடது இண்டிகேட்டரின் அம்புக்குறியும் மங்கலாகத் தெரிகிறது. மெக்கானிக் மூன்று முறை பல்பு மாற்றினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் சரியாக இருந்து பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. முன் விளக்குகளும் மஞ்சளாக மங்கிவிட்டன. பேட்டரியை மாற்றுவதா, எல்லாவற்றையும் எல்.இ.டி. ஆக்கிவிடுவதா?"

எந்த வண்டி என்றும் அவர் எழுதியிருக்கிறார். அதை நான் சொல்லப் போவதில்லை. ஏனெனில் இது ஒரு நிறுவனத்தின் குறை அன்று. அம்பாசடர், பத்மினி, மாருதி 800 என்று நம் ஊர்ச் சாலைகளில் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய எந்த வண்டியிலும் இதைப் பார்க்கலாம்.

மிதித்தால் எரிய வேண்டிய விளக்கு, மிதித்தால் அணைகிறது. பல்பு போயிருந்தால் அது எப்போதுமே எரியாது; ஃபியூஸ் போயிருந்தால் இரண்டு பக்கமும் எரியாது; பிரேக் ஸ்விட்ச் பழுதாகியிருந்தால் வலது பக்கம் பிரகாசமாவதற்கு வழியில்லை. ஆகவே அன்பர் தம்மை அறியாமலேயே கேள்விக்குள் விடையையும் எழுதி அனுப்பியிருக்கிறார். இந்த உரைகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் இந்நேரம் "இவர் மறுபடியும் வடிகால் கதையைத்தான் சொல்லப் போகிறார்" என்று சிரித்துக்கொண்டிருப்பீர்கள். ஆம், அதையேதான் சொல்லப் போகிறேன்.

வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறோம், வடிகாலை மறந்துவிடுகிறோம். வடிகால் அடைபட்டால் தண்ணீர் வயலிலேயே நின்றுவிடுவதில்லை. வரப்பில் எங்கே உடைப்பு இருக்கிறதோ அதன் வழியாகப் பக்கத்து வயலுக்குள் புகுந்துவிடும். மின்சாரமும் அப்படியே. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒயர் வழியாக விளக்குக்குப் போகும் மின்சாரம், வண்டியின் இரும்பு உடல் வழியாகவே பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் வழிக்குத்தான் பட்டறையில் எர்த் என்று பெயர். போகிற வழியில் ஃபியூஸ் இருக்கிறது, ஸ்விட்ச் இருக்கிறது, நிறம் நிறமாக ஒயர் இருக்கிறது, ஆகையால் எல்லோருடைய கண்ணும் அங்கே போகிறது. திரும்பும் வழியில் ஒரு கறுப்பு ஒயரும் துருப்பிடித்த ஒரு போல்ட்டும் மட்டுமே இருப்பதால் அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

இப்போது அன்பருடைய இடது பின்விளக்கின் உள்ளே போவோம். அங்கே இருக்கும் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று இரவில் எரியும் 5 வாட் இழை, மற்றொன்று பிரேக்குக்கு உரிய 21 வாட் இழை. இரண்டும் பித்தளைக் கூட்டின் வழியாக ஒரே எர்த்தில் சேர்கின்றன. பக்கத்தில் உள்ள இண்டிகேட்டர் பல்பும் பெரும்பாலும் அதே எர்த்தைத்தான் நம்பியிருக்கிறது. அந்த எர்த் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் விளக்கைப் போட்டதும் 5 வாட் இழை வழியாக வந்த மின்சாரம் வடிகால் இல்லாமல் தவித்து, பிரேக் இழைக்குள் எதிர்த் திசையில் புகுந்து, பிரேக் ஒயர் வழியாகவே வலது பக்கத்து பிரேக் இழைக்குப் போய், அங்கே நல்ல நிலையில் இருக்கும் எர்த்தில் இறங்கிவிடுகிறது. குளிர்ந்திருக்கும் 21 வாட் இழையின் மின்தடை மிகக் குறைவு என்பதால் 5 வாட் இழை ஏறத்தாழ முழு வெளிச்சத்துடனேயே எரியும்; பார்ப்பவருக்குக் குறையே தெரியாது.

பிரேக்கை மிதித்தவுடன் என்ன நடக்கிறது? இதுவரை திரும்பும் வழியாக இருந்த அந்த பிரேக் ஒயரிலேயே இப்போது 12 வோல்ட் வந்து நிற்கிறது. இடது பல்பின் இரண்டு முனைகளிலும் பாசிட்டிவ், போவதற்கு இடமில்லை. மிஞ்சியிருக்கும் ஒரே உடைப்பு இண்டிகேட்டர் இழை. அதன் வழியாக முன்பக்க இண்டிகேட்டர் வரை சென்று அங்குள்ள எர்த்தில் கொஞ்சம் மின்சாரம் கசிகிறது. ஒரு பல்புக்கு உரிய மின்னழுத்தத்தை மூன்று பல்புகள் பங்கு போட்டுக்கொள்வதால் எல்லாமே செங்கல் நிறத்தில் மினுக்குகின்றன. டேஷ்போர்டில் அம்புக்குறி மங்கலாகத் தெரிவதும் இதனால்தான்.

சரி, பல்பை மாற்றினால் இரண்டு நாள் ஏன் சரியாக எரிந்தது? இந்த இடத்தில் மெக்கானிக்கின் மீது எனக்குக் கோபம் இல்லை, அனுதாபம்தான். எர்த் பழுது ஹோல்டரிலேயே இருந்தால் இப்படித்தான் ஏமாற்றும். பழைய பல்பைத் திருகி எடுத்துப் புதியதைத் திருகும்போது, பல்பின் பித்தளைக் கழுத்து ஹோல்டரின் உட்சுவரை உரசிச் சுரண்டுகிறது. அங்கே படிந்திருந்த பச்சைக் களிம்பு சற்றே விலகியதால் விளக்கு எரிந்தது; அவரும் பல்புதான் காரணம் என்று மனநிறைவோடு அனுப்பிவைத்தார். ஆனால் கடற்கரை ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது, விளக்குக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்து ஈரத்தை உள்ளே விடுகிறது, களிம்பு திரும்பவும் ஏறிவிடுகிறது. செம்போடு பிறந்தது களிம்பு என்று சைவ சித்தாந்திகள் உயிரோடு ஒட்டியே இருக்கும் ஆணவ மலம் என்ற அழுக்குக்கு உவமை சொல்வார்கள்; கார் ஹோல்டரைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை இன்னும் நன்றாக விளங்கும்.

இதை உறுதி செய்ய அன்பருக்குத் தேவைப்படுவது இரண்டு முனைகளும் சீவிய ஒரு முழ நீள ஒயர் மட்டுமே. டிக்கியைத் திறந்து, விளக்கைப் போட்டு, வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒயரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோகக் கூட்டிலும், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பிலும் வையுங்கள். பாசிட்டிவ் முனையை மட்டும் தொட்டுவிடாதீர்கள், ஃபியூஸ் போய்விடும். இடது விளக்கு பளிச்சென்று எரிந்தால் தீர்ப்பு வந்துவிட்டது. பிறகு கறுப்பு ஒயர் உடலோடு சேரும் போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஒயரின் முனையில் புதிய வளைய டெர்மினலை அழுத்திப் பொருத்தி, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலைன் தடவுங்கள். ஹோல்டரின் உட்பக்கத்தையும் அதே உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்து, அடியில் உள்ள ஃபைபர் தட்டு கருகியிருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, ஹோல்டரையே மாற்றிவிடுங்கள்.

பல்பு வாங்கும்போதும் கவனம் தேவை. இரட்டை இழை பல்பின் கழுத்தில் உள்ள இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒற்றை இழை பல்பை வலுக்கட்டாயமாக அங்கே திணித்தால் அது உள்ளே இருக்கும் இரண்டு தொடுமுனைகளையும் இணைத்துவிடும். பிறகு பகலில் பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரியும்.

நான் வேலை பழகிய பட்டறையில் மேஸ்திரியிடம் மீட்டர் கிடையாது. பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, ஒன்றின் முனையில் முதலைக் கிளிப் மாட்டிய டெஸ்ட் லாம்ப் மட்டும் வைத்திருப்பார். ஒருமுறை நான் கடன் வாங்கிய மீட்டரை வைத்துப் பார்த்து, "12 வோல்ட் சரியாக வருகிறது அண்ணே, ஒயரிங்கில் கோளாறு இல்லை" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அதே இடத்தில் டெஸ்ட் லாம்பை வைத்தார். அது நெருப்புக்குச்சியின் கங்கு போலச் சிவந்து நின்றது. ஒயரின் உறையைப் பிளந்து காட்டினார். உள்ளே இருந்த இழைகளெல்லாம் பச்சையாகப் பொடிந்து, தலைமுடி அளவில் ஒரே ஓர் இழை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டர் ஏறக்குறைய மின்சாரமே இழுப்பதில்லை, ஆகையால் அந்த ஒற்றை இழை அதற்குப் போதும், விளக்குக்குப் போதாது. அன்றிலிருந்து விளக்கை எரியவிட்டுத்தான் அளக்கிறேன். மீட்டரின் ஒரு முனையை பல்பின் எர்த்திலும் மற்றொன்றைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, விளக்கு எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வடிகால் அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

இதே அளவை முன் விளக்குக்கும் பொருந்தும். அவருடைய இரண்டாவது கேள்விக்கு விடையும் இதில் அடக்கம். வழக்கமான எச்4 பல்பு 60/55 வாட். ஒளியைத் தாழ்த்தி வைக்கும் டிப்பில் (55 வாட்) இரண்டு பல்புகளும் சேர்ந்து 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கின்றன. பல பழைய வண்டிகளில் இவ்வளவு மின்சாரமும் ரிலே (சிறிய மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள சிறிய ஸ்விட்ச் வழியாகவே போய் வருகிறது. வழியெல்லாம் சேர்ந்து 0.2 ஓம் தடை ஏற்பட்டால் 1.8 வோல்ட் அங்கேயே தொலைகிறது, பேட்டரியில் 13.8 இருந்தால் பல்புக்கு 12 தான் வருகிறது. குறைவு 13 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தை விடப் பல மடங்கு வேகமாகக் குறையும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறைகிறது. 13 சதவீதம் குறைந்தால் 40 சதவீதத்தை நெருங்குகிறது. அன்பர் காணும் மஞ்சள் நிறம் இதுதான். பேட்டரியை மாற்றினால் இது போகாது.

ஆகவே முதலில் எர்த், பிறகு கனெக்டர், அதன் பிறகு ரிலே என்ற வரிசையில் போக வேண்டும். ரிலே பொருத்தினால் பழைய ஸ்விட்ச் அதன் சுருளுக்கு உரிய சிறிதளவு மின்சாரத்தை மட்டும் தாங்கினால் போதும். விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயரில் நேராகப் போகும். இதைச் செய்யாமல் 100/90 வாட் பல்பை மாட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. 9 ஆம்பியர் 15 ஆகும்போது மூட்டுகளில் உண்டாகும் சூடு இரண்டரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஹோல்டர் பழுத்து உருகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில வண்டிகளில் முன் விளக்கின் ஸ்விட்ச் எர்த் பக்கத்திலேயே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். விளக்கு அணைந்திருக்கும்போதே பல்பின் மூன்று முனைகளிலும் 12 வோல்ட் காட்டுவதைக் கண்டு ஷார்ட் என்று பயந்து ஒயரிங்கைக் கிழித்தவர்கள் உண்டு.

எல்.இ.டி.யைப் பற்றி நீட்டப் போவதில்லை. பழைய பிரதிபலிப்பானில் அதைப் போட்டால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். பின்னால் போட்டாலோ எர்த் பழுது அப்படியே இருக்கும். இழை பல்பு கொடுத்த எச்சரிக்கை மட்டும் காணாமல் போகும்.

அன்பர் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் எனக்கு இவற்றையெல்லாம் விட முக்கியமாகப் படுகிறது. பிரேக் விளக்கை ஓட்டுபவர் பார்க்க முடியாது. அது எரிகிறதா என்று தனியாக இருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வது? என் மைத்துனரின் காரில் தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. இரண்டு முறை சார்ஜ் போட்டு, மூன்றாவது முறை புதிய பேட்டரியே வாங்கிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது ஓட்டுநர் பக்கத்து மிதியடியில் பிஸ்கட் தூள் போல ஏதோ சிதறிக் கிடந்தது. பிரேக் பெடல் மேலே வந்து ஸ்விட்சின் முளையை அழுத்தும் இடத்தில் இருக்க வேண்டிய சிறிய பிளாஸ்டிக் அடைப்பான் வயதாகிப் பொடிந்துவிட்டது. முளை அந்த ஓட்டைக்குள் புகுந்து வெளியே நீண்டுகொண்டதால், காலை எடுத்த பிறகும் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு 21 வாட் பல்புகள் 3.5 ஆம்பியர், 35 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்தில் காலி. இரவு எட்டு மணிக்கு நிறுத்திய வண்டி காலை ஆறு மணிக்கு எப்படி ஸ்டார்ட் ஆகும்? அத்தனை நாளும் பின்னால் வந்தவர்களுக்கு அவர் ஓயாமல் பிரேக் பிடிப்பவராகவே தெரிந்திருப்பார்.

அதனால் இருட்டிய பிறகு வண்டியை நிறுத்தும்போது பின்புறம் ஒரு சுவரையோ மூடிய கடையின் ஷட்டரையோ நோக்கி இருக்கும்படி நிறுத்திப் பழகுங்கள். கண்ணாடியில் பார்த்தபடி பிரேக்கை மிதித்தால் சுவரில் இரண்டு பக்கமும் சமமாகச் சிவக்க வேண்டும். காலை எடுத்தால் அந்தச் சிவப்பு குறைய வேண்டும். பிறகு இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே ஒருமுறை மிதியுங்கள். இண்டிகேட்டரின் தாளத்துக்கு பிரேக் விளக்கும் சேர்ந்து துடித்தால் எந்த போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நாகப்பட்டினத்து அன்பர் நான்காவது பல்பை வாங்குவதற்கு முன் அந்த ஒயர்த் துண்டுச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு எழுதட்டும். முடிந்தால் ஹோல்டரின் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பட்டும், அடுத்த வாரம் எல்லோருக்கும் காட்டுகிறேன்.