லாரி வரும் நேரம்

வணக்கம். இந்திய நகரங்களில் சனத்தொகை பெருகுவதைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். புள்ளிவிவரத்தில் தொடங்கினால் நீங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள், அதனால் வேளச்சேரியில் தொடங்குகிறேன்.

2019 ஜூன். தங்கச்சியின் மகளுக்குக் கூறைச்சேலை எடுக்கச் சென்னைக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். நம் கொழும்பு வெள்ளவத்தைச் சனத்துக்குச் சென்னை என்றால் தி.நகர்தானே. அந்த முறை சேலையை விடக் குடங்களைத்தான் அதிகம் பார்த்தேன். பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள், கழுத்தில் அடையாளத்துக்கு ஆளுக்கொரு துணிக்கிழிசல், ஆட்கள் இல்லாமல் குடங்கள் மட்டும் வரிசையில் நிற்கும். தண்ணீர் கொண்டுவரும் வண்டியை நாம் பவுசர் என்போம், அங்கே லாரி என்கிறார்கள். அது எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வறண்டுபோய், அடுத்த மாதம் 200 கிலோமீற்றருக்கு அப்பால் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இதே வேளச்சேரிதான் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் கிடந்தது. ஏரியையும் சதுப்பையும் தூர்த்து வீடு கட்டினால் மழை எங்கே போய் நிற்கும்? பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பில் மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்களவு.

வெளியூர்ச் சனம் வந்து குவிந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார் வீட்டுக்காரர். (அவரே தஞ்சாவூரிலிருந்து வந்தவர், சரி, விடுங்கள்.) கணக்கு வேறு மாதிரி. 2001ல் 28 கோடியாக இருந்த இந்திய நகரச் சனத்தொகை 2011ல் 37 கோடியைத் தாண்டியது, கிராமங்களில் கூடியதை விட நகரங்களில் கூடியது அதிகம், சுதந்திரத்துக்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்த வளர்ச்சியில் கிராமத்திலிருந்து வந்தவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆகப் பெரிய பங்கு நகரத்திலேயே பிறந்த பிள்ளைகள். அப்புறம், வயல் போய்க் கடை வந்ததால் கணக்கில் நகரமாகிவிட்ட கிராமங்கள், பத்து வருடத்தில் 2,500க்கு மேல். அவற்றில் பலவற்றைப் பஞ்சாயத்துதான் நடத்துகிறது, சாக்கடை கட்ட அதற்குக் காசு ஏது? 2021ல் எடுக்கவேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனதால் நானும் பழைய கணக்கைத்தான் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் தண்ணீரை விடப் பெரிய பிரச்சினை தூரம். அந்த வீட்டில் பாத்திரம் கழுவ வந்த அக்கா முன்பு கூவம் ஆற்றங்கரையில் குடிசையில் இருந்தவர், பக்கத்திலேயே நாலு வீட்டில் வேலை, நடந்தே போய்விடுவாராம். கரையைத் துப்புரவாக்குகிறோம் என்று குடும்பத்தோடு ஏற்றிக் கொண்டுபோய் நகரத்தின் ஓரத்தில் பெரும்பாக்கத்து மாடிவீட்டில் விட்டார்கள். நாலு வீடும் போய், இப்போது பஸ் ஏறி வந்து இந்த ஒரு வீடு. மகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். "வீடு நல்லாத்தான் இருக்கு, பொழப்புதான் அங்கேயே நின்னுடுச்சு" என்றார்.

எனக்கு இங்கே கொழும்பில் தெமட்டகொடைப் பக்கம், தோட்டம் என்று நாம் சொல்லும் குடிசைக் குடியிருப்பிலிருந்து மாடிவீட்டின் ஒன்பதாம் மாடிக்குப் போன ஒரு அம்மாவின் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் வாசலோரம் அடுப்பு வைத்து அப்பம் சுட்டவர், பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் த்ரீவீல்காரரும் நின்று வாங்குவார்கள். ஒன்பதாம் மாடிக்கு யார் அப்பத்துக்காக ஏறுவது, அதுவும் லிப்ட் நின்றுபோன நாளில்? கீழே கடை போடவும் விடவில்லை. இப்போது விடிய நாலு மணிக்கு மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, பழைய தோட்டம் இருந்த முடக்குக்கே போய்ச் சுடுகிறார்.