பெயருக்கு எழுத்து, நிலத்துக்கு எண்

நேயர்களுக்கு வணக்கம்.

1989-இல் பர்மா, மியான்மர் என்று பெயர் மாறியது. நாடுகளைச் சுருக்கிக் குறிக்கும் சர்வதேசப் பட்டியலில் அதுவரை பி.யு. என்று இருந்த அதன் எழுத்துக் குறியீடும் எம்.எம். ஆயிற்று. ஆனால் அதே நாட்டுக்கு இருந்த 104 என்ற எண் குறியீட்டை யாரும் தொடவில்லை. மறு வருடம் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. அங்கே நடந்தது இதற்கு நேர்மாறு. மேற்கு ஜெர்மனியின் டி.இ. என்ற எழுத்து அப்படியே இருக்க, எண் மட்டும் 280 போய் 276 வந்தது.

பார்த்தால் குளறுபடி போலத் தெரியும். உண்மையில் இது நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு.

இந்தக் குறியீடுகளைத் தருவது ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரநிலை அமைப்பின் 3166 என்ற தரநிலை. அது முதலில் 1974-இல் வெளிவந்தது. ஒரு நாட்டுக்கு ஈரெழுத்து, மூவெழுத்து, மூன்று இலக்க எண் என மூன்று குறியீடுகள். எழுத்து பெயரோடு போகும். எண்ணைத் தருவதோ ஐ.நா.வின் புள்ளியியல் பிரிவு. மக்கள்தொகையையும் விளைச்சலையும் வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குப் பெயர் மாறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எல்லை மாறியது தெரியாமல் போனால்தான் கணக்கு கெடும். அதனால் எண் நிலத்தோடு போகும். 1993-இல் எரித்திரியா பிரிந்ததும் எத்தியோப்பியாவின் எண் 230-இலிருந்து 231 ஆனது. 2011-இல் தெற்கு சூடான் பிரிந்ததும் சூடானின் எண் 736-இலிருந்து 729 ஆனது. இரு நாடுகளும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, ஆகவே எழுத்தும் மாறவில்லை.

சரி, எது நாடு என்று யார் முடிவு செய்கிறார்கள்? இந்தப் பட்டியலை வைத்திருப்பவர்கள் அந்த வம்புக்கே போவதில்லை. ஐ.நா. உறுப்பு நாடுகள் 193. பட்டியலில் இருப்பவை 249. மனிதர் நிரந்தரமாகக் குடியிருக்காத அண்டார்க்டிகாவுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. கொசோவோவுக்கு இல்லை. அதற்காக வேலை நிற்குமா? அவரவர் தேவைக்கு என்று விட்டுவைத்த எழுத்துகளிலிருந்து எக்ஸ்.கே. என்பதை எடுத்துப் பலரும் புழங்குகிறார்கள். இணைய முகவரிகளின் கடைசியில் வரும் நாட்டு எழுத்துகளுக்கும் இந்தப் பட்டியல்தான் அடிப்படை. எது நாடு என்று தீர்மானிப்பது தங்கள் வேலையல்ல என்று, அந்த முகவரிகளை அப்போது நிர்வகித்துவந்த ஜான் போஸ்டல் 1994-இல் எழுதிய ஆவணம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. கெட்டிக்காரத்தனமான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆனால் பட்டியல்காரர்களும் ஒருமுறை சறுக்கினார்கள். சி.எஸ். என்பது செக்கோஸ்லோவாக்கியாவின் குறியீடு. 1993-இல் அந்த நாடே இல்லாமல் போனது. பத்து வருடம் கழித்து, யூகோஸ்லாவியா என்ற பெயர் செர்பியா-மாண்டினீக்ரோ என்று மாறியபோது அதே எழுத்துகளைத் தூக்கி அதற்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய பதிவு ஒன்றில் 'பிறந்த நாடு: சி.எஸ்.' என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராகாவா, பெல்கிரேடா? எப்படிச் சொல்வது? எதிர்ப்பு கிளம்பியது. இப்போது கைவிட்ட குறியீட்டை இன்னொருவருக்குக் கொடுக்க 50 வருடமாவது காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் அந்தப் புது நாடு 2006-இலேயே இரண்டாகிவிட்டது.

அப்புறம், நாட்டுக்குள் இருக்கும் மாநிலங்கள், மாகாணங்கள். இவற்றுக்குத் தரநிலையின் இரண்டாம் பகுதி. சி.ஏ. என்றால் கனடா, அமெரிக்காவுக்குள் சி.ஏ. என்றால் கலிஃபோர்னியா. குழப்பம் வராமல் இருக்க நாட்டின் எழுத்தை முன்னால் போட்டு, ஒரு கோடு இட்டு, அதன் பிறகே மாநிலத்தை எழுதுவார்கள். இப்படி 5,000-க்கும் மேற்பட்ட குறியீடுகள். என்னைக் கேட்டால் உண்மையான தலைவலி இங்கேதான். நார்வே 2020-இல் மாவட்டங்களைச் சேர்த்து 11 ஆக்கியது. மக்களுக்குப் பிடிக்காத சில இணைப்புகளை 2024-இல் பிரித்து மறுபடி 15 ஆக்கியது. அகர்ஸ்ஹுஸ் என்ற மாவட்டம் பழைய பெயரோடு திரும்பி வந்தது. எண் திரும்பவில்லை: முன்பு 02, இப்போது 32.

நார்வே என்றதும் இன்னொன்று. அதன் ஈரெழுத்து என்.ஓ. 'யாமல்' என்ற கோப்பு வகையின் பழைய விதிப்படி, மேற்கோள் குறி இல்லாமல் இதை எழுதினால் கணினி ஆங்கிலத்தில் 'நோ', அதாவது 'இல்லை' என்று படித்துக்கொள்ளும். பட்டியலில் நார்வே இருக்க வேண்டிய இடத்தில் 'பொய்' என்ற மதிப்பு உட்கார்ந்திருக்கும். நமீபியாவின் என்.ஏ. இதைவிட மோசம். தரவு ஆய்வுக்கான சில மென்பொருள்கள் அதை 'தகவல் கிடைக்கவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக எடுத்துக்கொண்டு அந்த இடத்தைக் காலியாக்கிவிடும். ஆப்கானிஸ்தானின் எண் 004. விரிதாளில் தட்டினால் பூஜ்யங்கள் காணாமல் போய் வெறும் 4 நிற்கும். அதனால் இந்த எண்ணை எண்ணாக நினைக்காமல் எழுத்தாகவே சேமியுங்கள். பக்கத்தில் எந்த வருடத்துப் பட்டியல் என்றும் குறித்துவையுங்கள்.

நன்றி, வணக்கம்.