எல்ஸா பேசத்தான் வேண்டும்: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா, இரண்டு அணியின் பெரியவர்கள், ஃபேன் காற்று எட்டாத பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் என் அன்புக்குரியவர்கள், எல்லோருக்கும் வணக்கம். வணக்கத்திலேயே இரண்டு நிமிடம் போய்விடும் என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

‘1883’ தொடரில் எல்ஸாவின் பின்னணிக் குரல் கதைக்குப் பலமா, பாரமா? பலம் என்று பேச வந்திருக்கிறேன். தொடரைப் பார்க்காமல், காபி தருவார்கள் என்று நம்பி வந்தவர்களுக்காக நான்கு வரி. ‘யெல்லோஸ்டோன்’ என்றொரு அமெரிக்கத் தொடர். அதில் டட்டன் குடும்பத்துக்கு மொன்டானாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பண்ணை. அந்தப் பண்ணை எப்படி வந்தது என்ற முன்கதைதான் 1883. டெய்லர் ஷெரிடன் எழுதியது, 2021 டிசம்பரில் பாரமவுண்ட் பிளஸ்ஸில் ஆரம்பித்தது, மொத்தம் 10 எபிசோடு. டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த் ஊரிலிருந்து ஓரிகனை நோக்கி கூண்டு வண்டிகள் கிளம்புகின்றன. அப்பா ஜேம்ஸ், அம்மா மார்கரெட், குட்டித் தம்பி ஜான், நடுவே, கிளம்பும்போது 17 வயதான எல்ஸா. அவள்தான் கதை நெடுகப் பேசுகிறாள். நடித்தவர் இசபெல் மே.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஆறு பாயின்ட் எடுத்தார். ஐந்து எனக்கு மறந்துவிட்டது. ஆறாவது மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் அதற்குத்தான் நீங்கள் கை தட்டினீர்கள். என்ன சொன்னார்? “கண்ணுக்கு முன்னால் புல்வெளி தெரிகிறது. இது புல்வெளி என்று சொல்ல ஒரு பெண் எதற்கு? எல்ஸா கதாபாத்திரம் இல்லை, ரன்னிங் கமென்டரி. மியூட் போட்டுப் பாருங்கள், தொடர் இன்னும் நன்றாக இருக்கும்.” இதானே தம்பி? தலையாட்டுகிறார். நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

தம்பி, நீங்கள் பேச்சுக்குச் சொன்னீர்கள். நான் நிஜமாகவே மியூட் போட்டுத்தான் அந்தத் தொடரைப் பார்த்தேன்.

ஏன் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்போது கைக்குழந்தை. ஹாலில்தான் தூளி, ஹாலில்தான் டிவி. சத்தம் வைத்தால் குழந்தை எழும், குழந்தை எழுந்தால் என் மனைவி எழுவாள், அதற்கப்புறம் நான் 1883ஆம் வருடத்துக்கே போய்விட வேண்டியதுதான். அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு, கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துக்கொண்டு பார்க்கிறேன். பின்னால் யார் இருக்கிறார்கள்? பிரசவம் பார்க்க விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த என் மாமியார். முறத்தில் பூண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு உரித்து மாளுமா? ராத்திரி பதினோரு மணிக்கும் தோல் பறக்கிறது. அத்தைக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. சத்தமும் இல்லை. தம்பி ஆசைப்பட்ட மாதிரியே சுத்தமான மியூட்!

முதல் காட்சி. வண்டிகள் எரிகின்றன. புல்லில் அந்தப் பெண் கிடக்கிறாள், எழுகிறாள், சண்டை, அம்பு தைக்கிறது. அப்படியே கதை பின்னால் போய், ரயிலில் வந்து இறங்கும் எல்ஸாவைக் காட்டுகிறார்கள். பளிச்சென்று சிரிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து குரல்.

“மாப்பிள்ளை.”

“என்னங்க அத்தை?”

“யாருமே வாயத் தொறக்கல. கீழ எழுத்து மட்டும் ஓடுதே, யாரு பேசுறாங்க?”

“அந்தப் பொண்ணுதாங்க அத்தை.”

“அது வாயே அசையலையே!”

“மனசுக்குள்ள பேசுதுங்க.”

பூண்டு உரிப்பது நின்றது. அத்தை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அம்பு பட்டு விழுந்துச்சே, அப்பவே அது போயிடுச்சு மாப்பிள்ளை. இது செத்தவ பேசுறது.”

நடுவர் அவர்களே! பத்து எபிசோடும் முடிந்த பிறகு எனக்குப் புரிந்த விஷயம் அது. ஒரு சொல்லும் கேட்காமல், ஒரு எழுத்தும் படிக்காமல், முதல் எபிசோடு பாதியில் அத்தை பிடித்துவிட்டார். மியூட் போட்டும் அந்தக் குரல் அவருக்குக் கேட்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கை தட்டாதீர்கள், கதை இன்னும் முடியவில்லை. மறுநாள் காலை மொட்டை மாடி. துணி காயப்போடப் போன அத்தை எதிர் வீட்டம்மாவிடம் நேற்று ராத்திரிக் கதையைச் சொல்கிறார். அத்தை சொன்ன கதையில் டெக்ஸாஸ் செஞ்சிக் கோட்டை அடிவாரத்துக்கு வந்துவிட்டது. எல்ஸா காதலிக்கிற, மாடு ஓட்டுகிற என்னிஸ் முறைமாமன் ஆகிவிட்டான். இப்படியே தினம் ராத்திரி எனக்கு ஒரு எபிசோடு, தினம் காலை எதிர் வீட்டம்மாவுக்கு ஒரு எபிசோடு. என்னிஸ் கொள்ளைக்காரர்கள் கையால் சாகிறான். அவனைச் சுட்டவனை எல்ஸாவே சுடுகிறாள். அன்றைக்கு மாடியில் அழுகை. அப்புறம் கமான்சிப் பழங்குடி வீரன் சாம் வருகிறான், எல்ஸாவுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. அன்றைக்கு மாடியில் பஞ்சாயத்து. “முத பையன் போயி ஈரம் காயல, அதுக்குள்ள இன்னொருத்தனா?” என்று எதிர் வீட்டம்மா. “சின்னப் பொண்ணு, இருக்கிற நாலு நாளு வாழ்ந்துட்டுப் போவட்டும் விடுங்க” என்று அத்தை. கவனியுங்கள், அத்தை ஏன் பரிந்து பேசினார்? இவள் சாகப்போகிறவள் என்று தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் சிரிக்கும் போதெல்லாம் அத்தை ‘ப்ச்’ என்பார். அந்த ‘ப்ச்’சை வரவழைத்தது யார்? அந்தப் பின்னணிக் குரல்!

சரி, கதைக்கு வருகிறேன். எதிர் வீட்டம்மா கீழ் வீட்டில் சொல்ல, கீழ் வீட்டில் வாட்ச்மேனிடம் சொல்ல, ஒருநாள் நான் படியிறங்கும்போது கீழ் வீட்டு சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கேள்விப்பட்டேன் சார். ரொம்பச் சின்ன வயசாமே?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “யாருங்க சார்?”

“உங்க மாமியார் வழியில பொண்ணாமே. என்ன வயசு?”

அப்போதுதான் விளங்கியது. ஆனால் அவர் கண் கலங்கி நிற்கிறார், எப்படி இல்லையென்று சொல்வது? “பதினெட்டு சார்.”

“அடக் கடவுளே. என்னாச்சு? டெங்குவா?”

“இல்லீங்க சார். அம்பு.”

அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் லிஃப்டில் போகிறார்.

ஐயா மணி அடிக்கிறார். பாதி மணியா, முழு மணியா? முழு மணியா! இன்னும் பாயின்டுக்கே வரவில்லையே ஐயா, ஒரு இரண்டு நிமிடம்.

எதிரணி அம்மையார் ஒருவர், 1883 செப்டம்பரிலேயே நார்தர்ன் பசிபிக் ரயில் பாதை மொன்டானா வழியாகப் பசிபிக் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, ரயில் இருக்கும்போது வண்டி கட்டிப்போவானேன் என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்ல நேரமில்லை, தப்பித்தேன். இன்னொருவர், வண்டிகளை வழிநடத்திப் போகும் ஷே பிரென்னன் பின்னணியில் ஒரு வார்த்தை பேசவில்லையே, அவர் மனதில் நிற்கவில்லையா என்றார். நிற்கிறார். அம்மையில் போன மனைவியையும் மகளையும் வீட்டோடு வைத்து எரித்துவிட்டுக் கிளம்பிய மனிதர், அவர் நோக்கம் கடல். மனைவி பார்க்காத கடலை அவளுக்காகத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவராக நடித்த சாம் எலியட்டின் மீசைக்குப் பின்னால் அது எழுதி ஒட்டியிருக்கிறது, குரல் தேவையில்லை. எல்ஸாவின் பேச்சில் சில இடங்களில் கவிதை கொஞ்சம் தூக்கல்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நடுவர் இதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் எல்ஸாவின் நோக்கம் என்ன? அங்கேதான் தம்பி கோட்டை விட்டார். அந்த வண்டியில் எல்லோரும் ஓரிகனுக்குப் போகிறார்கள், எல்ஸா எங்கேயும் போகவில்லை. அவள் குதிரையில் உட்கார்ந்ததும் போய்ச் சேர வேண்டிய ஊரை மறந்துவிடுகிறாள். சேர வேண்டிய ஊர் இல்லாத ஒருத்தியை ஏன் கதை சொல்ல வைத்தார்கள்?

எட்டு எபிசோடு தாண்டி அந்த அம்பு வருகிறது. லகோட்டாப் பழங்குடிக்காரர்களின் பெண்டு பிள்ளைகளை யாரோ குதிரைத் திருடர்கள் கொன்றுபோட, இந்த வண்டிக்காரர்கள்தான் செய்தார்கள் என்று நினைத்து அவர்கள் தாக்குகிறார்கள். யாரோ செய்த பாவம் இவள் ஈரலில் இறங்குகிறது. பிழைக்க மாட்டாள் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போது ஒரு முடிவு எடுக்கிறார்கள் பாருங்கள்: இவளை எங்கே புதைக்கிறோமோ அங்கேயே தங்கிவிடுவது. ஓரிகன் போயிற்று, கனவு போயிற்று.

இதைப் பார்த்துவிட்டு அத்தை சொன்னார், “எங்க பக்கம் இத பூவாடைக்காரின்னு வச்சுக் கும்பிடுவோம் மாப்பிள்ளை. வாழ வேண்டிய வயசுல போனவ, அந்தக் குடும்பத்த விட்டு எங்க போவா? பேசிக்கிட்டேதான் இருப்பா.” டெய்லர் ஷெரிடன் விழுப்புரம் வந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் அடுத்த தொடர் ‘1923’ போட்டுப் பாருங்கள். ஹாரிசன் ஃபோர்டும் ஹெலன் மிர்ரனும் நடிக்கிறார்கள். யார் குரல் கதை சொல்கிறது? நாற்பது வருடம் முன்பு செத்த எல்ஸா! தனக்குப் பிறகு அப்பா அம்மாவுக்கு என்ன ஆனது என்று அவளே சொல்கிறாள். கமென்டரி சொல்கிறவர் ஆட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார் தம்பி. இவள் போகவில்லை.

அந்த நிலம் யாருடையது என்பதும் அவளோடுதான் ஒட்டியிருக்கிறது. மகளைப் புதைக்க நல்ல இடம் தேடும் ஜேம்ஸுக்கு, க்ரோ இனத்துப் பெரியவர் ஒருவர்தான் மொன்டானாவில் அந்தப் பள்ளத்தாக்கைச் சொல்கிறார். கிரஹாம் கிரீன் நடித்த பாத்திரம். ஏழு தலைமுறையில் என் மக்கள் எழுந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்கிறார். ஏழாவது தலைமுறையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஜேம்ஸ். 2024 டிசம்பரில் யெல்லோஸ்டோன் முடிந்தபோது, டட்டன்கள் ஒரு ஏக்கர் 1.25 டாலர் கணக்கில் அந்த நிலத்தை அந்த மண்ணின் மக்களிடமே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடைசிக் காட்சியில் கேட்பது யார் குரல்? நான் சொல்ல வேண்டுமா?

ஐயா எழுந்தே நின்றுவிட்டார். கடைசியாக ஒன்று. அப்பா ஜேம்ஸாக நடித்த டிம் மெக்ரா அந்தப் பெண்ணைத் தன் குதிரையில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிறார். எந்த மரம் என்று அவளே காட்டுகிறாள். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பெரிய பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி மடியில் போட்டுக்கொள்கிறார். அவள் பயமில்லை அப்பா என்கிறாள். சாகிறவள் அப்பனுக்குத் தைரியம் சொல்கிறாள் ஐயா! துப்பாக்கி பிடித்து, போர் பார்த்து, எத்தனையோ பேரை வீழ்த்திய அந்த மனிதனுக்கு அந்த நேரத்தில் செய்ய ஒன்றுமே இல்லை. என் குழந்தை தூளியில் தூங்குகிறது, பெண் குழந்தை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறேன். அத்தை முறத்தை ஒதுக்கிவிட்டு, “அழுவாதீங்க மாப்பிள்ளை, அது பேசிக்கிட்டுதான இருக்குது” என்கிறார்.

பெண்ணைப் பெற்றவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது. நீங்கள் சொல்லுங்கள், அந்தக் குரல் பாரமா? எதிரணித் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். சீக்கிரம் ஆகட்டும். முதலில் பெண் குழந்தையாகப் பிறக்கட்டும். அது காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி தூங்கும் வரை ஓயாமல் பேசட்டும் தம்பி. வருகிறேன், வணக்கம்.