ரொட்டிக் கையும் பை மேலோடும்

வணக்கம், எல்லோரும் சுகமா? நானுஓயாவிலிருந்து பேசுகிறேன். வெளியே ஒரே மூடுபனி, வெளிச்சம் கொஞ்சம் குறைவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு லீக்ஸ் பை (pie), அதாவது மா மேலோட்டுக்குள் லீக்ஸை வைத்து ஓவனில் சுடுவது. ஆனால் லீக்ஸைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. எல்லாம் மேலோட்டைப் பற்றித்தான்.

போன மாதம் முதல் தடவையாக "பை செய்யப் போகிறேன்" என்றதும் அம்மா, "எதற்கு, சந்தைக்குப் போகவா?" என்று கேட்டார். சுட்டு எடுத்த பிறகு பார்த்தால் அம்மா கேட்டதில் தப்பே இல்லை. தோல் பை மாதிரியே இருந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் கத்தி எடுத்து வந்தார்.

தப்பு என் கையில். எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு ரொட்டி. மா என்றால் அடித்துப் பிசைய வேண்டும் என்றுதான் சின்ன வயதிலிருந்து பழக்கம். கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இரண்டும் பின்னிக்கொண்டு குளூட்டன் ஆகும். பிசையப் பிசைய அந்தப் பின்னல் இறுகும். பரோட்டா மா துணி மாதிரி இழுபடுவது அதனால்தான். பைக்கு அந்த இழுவையே ஆகாது, பொலபொலவென உதிர வேண்டும். அதனால் இன்றைக்கு மாவும் தண்ணீரும் ஒன்றோடொன்று ரொம்ப ஒட்டி உறவாடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அளவு எடையில் 3:2:1. 300 கிராம் மா, 200 கிராம் பட்டர், தண்ணீர் அதிகம் போனால் 100 மில்லி. நம் கடை மா பாணுக்கும் ரொட்டிக்கும் ஏற்றது, புரதம் கொஞ்சம் கூட. அதனால் இரண்டு மேசைக்கரண்டி மாவை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குக் கோர்ன்ஃபிளவர் போடுகிறேன். அதில் குளூட்டனே கிடையாது.

இப்போது பட்டர். கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த கட்டியைச் சின்னச் சின்னதாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்க்கிறேன். உள்ளங்கை படவே கூடாது, அது சூடு. பட்டர் 32, 35 பாகைக்குள் உருகிவிடும், நம் உடம்புச் சூடே 37. தேய்க்கும்போது கொழுப்பு மாத்தூளைச் சுற்றிப் பூசிக்கொள்கிறது. பிறகு வருகிற தண்ணீர் உள்ளே போக வழி இல்லை. மிருதுவுக்குக் காரணம் இந்தப் பூச்சுதான். பாதி ரொட்டித்தூள் மாதிரி ஆகிவிட்டது, பாதி இன்னும் கடலை அளவில் இருக்கிறதே, அதை அப்படியே விடுங்கள். அந்தக் கட்டி ஓவனில் உருகும்போது அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி அடுக்கைத் தூக்கும். பட்டர் முழுக்கக் கொழுப்பு இல்லை. 200 கிராமில் முப்பது கிராமுக்கு மேல் தண்ணீர்தான்.

மாஜரின் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் டப்பாவில் கொழுப்பு எத்தனை வீதம் என்று பாருங்கள். 80க்குக் கீழே என்றால் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அது ரொட்டியில் பூசத்தான் நல்லது.

தண்ணீர் ஐஸ் குளிரில், கரண்டி கரண்டியாக. ஆறு கரண்டி போட்டேன். ஒரு பிடி எடுத்து அமுக்குகிறேன்... பிடித்தால் நிற்கிறது, தட்டினால் உடைகிறது. போதும். இதைப் பார்த்துத்தான் அன்றைக்கு அம்மா, "மாவை ஏன்டி இப்படிப் பட்டினி போடுறே?" என்று சொல்லி இன்னும் அரைக் கோப்பை ஊற்றினார். தோல் பை கதை அங்கே ஆரம்பித்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை, ரொட்டிக்கு அது சரி.

வினாகிரி ஒரு கரண்டி போட்டால் மிருதுவாகும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இரண்டு விதமாகவும் சுட்டுப் பார்த்தேன், என் பல்லுக்கு வித்தியாசம் தெரியவில்லை. உப்பு கால் கரண்டி, உப்புப் பட்டர் என்றால் அதுவும் வேண்டாம். இனிப்புப் பை என்றால் சீனி ஒரு கரண்டி. அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், நிறமும் கொடுக்கும்.

உருட்டித் தட்டையாக்கி, மூடி, ஒரு மணி நேரம் பிரிட்ஜில். குளூட்டன் தளரும், பட்டர் திரும்ப இறுகும். இந்த ஓய்வு இல்லாவிட்டால் ஓவனில் விளிம்பு சுருங்கிக் கீழே இறங்கிவிடும். நுவரெலியாப் பக்கம் 1,868 மீட்டர் உயரத்தின் குளிர் நமக்குக் கைகொடுக்கிறது. கொழும்பில் இருப்பவர்கள் மாவையும் பாத்திரத்தையும்கூடக் குளிர வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உருட்டுக்கட்டை கிடையாது, கண்ணாடிப் போத்தல்தான். நடுவிலிருந்து வெளியே, ஒரே பக்கமாக. கிழிந்தால் ஒட்டுப் போடுங்கள், மறுபடி பிசையாதீர்கள். ஓவன் 200 பாகையில்.

சரி, அம்மா சமையலறைப் பக்கம் வருகிற சத்தம் கேட்கிறது. தண்ணீர்க் கோப்பையை ஒளித்து வைத்துவிட்டு வருகிறேன்.