பேசுவதை நிறுத்தினேனா, பேச நின்றேனா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒருவர் கேட்கிறார்: "நண்பனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல 'ஐ ஸ்டாப்ட் டு டாக் டு ஹிம்' என்று எழுதினேன். தவறு என்று திருத்திவிட்டார்கள். ஏன்?"

நீங்கள் எழுதியதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. அவனோடு பேசுவதற்காக நின்றேன் என்றல்லவா சொல்லியிருக்கிறீர்கள்! 'ஐ ஸ்டாப்ட் டாக்கிங் டு ஹிம்' என்றால்தான் பேச்சை நிறுத்தியதாக ஆகும்.

எந்த வினைக்குப் பின் 'டு' வரும், எதற்குப் பின் ஐஎன்ஜி, அதாவது டாக்கிங் போல 'இங்' என்று முடியும் வடிவம் வரும் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். இந்த வேறுபாடு நம் தமிழிலேயே இருக்கிறது. 'கதவைப் பூட்ட மறந்துவிடாதே', 'கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது'. இரண்டையும் நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லையே? 'பூட்ட' என்றால் இனிமேல் செய்ய வேண்டிய வேலை. ஆங்கிலத்தில் அது 'ரிமெம்பர் டு லாக் த டோர்'. 'பூட்டியது' என்றால் நடந்து முடிந்தது. அது 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்'.

ஃபர்கெட் என்ற வினையும் இதே வழிதான். 'ஐ ஃபர்காட் டு பே' என்றால் பணம் கட்ட மறந்துவிட்டேன், அதாவது கட்டவே இல்லை. ஐஎன்ஜி போட்ட வடிவம் பெரும்பாலும் 'ஐ வில் நெவர் ஃபர்கெட் சீயிங் த சீ' போன்ற வாக்கியங்களில்தான் வரும். கடலைப் பார்த்ததை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ட்ரை. 'ட்ரை டு லிஃப்ட் த பாக்ஸ்' என்றால் பெட்டியைத் தூக்க முயற்சி செய். தூக்க முடியுமா என்பதே சந்தேகம். 'ட்ரை ரீஸ்டார்ட்டிங் த போன்' என்றால் போனை ரீஸ்டார்ட் பண்ணிப் பார். அது யாராலும் முடியும், அதனால் பலன் கிடைக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். சாப்பிட்டுப் பார், கேட்டுப் பார் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் 'பார்' வருகிற இடத்தில் தயங்காமல் ஐஎன்ஜி போடுங்கள்.

ரிக்ரெட் என்பதைக் கடிதங்களில் பார்த்திருப்பீர்கள். 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்றால் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். செய்தி இனிமேல்தான் வருகிறது. 'ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹிம்' என்றால், அவனிடம் சொல்லித் தொலைத்துவிட்டேனே என்ற வருத்தம்.

'டு' வந்தால் எதிர்காலம், ஐஎன்ஜி வந்தால் இறந்தகாலம் என்று ஒரே வரியில் சிலர் சொல்லித் தருவார்கள். ரிமெம்பர், ஃபர்கெட், ரிக்ரெட் மூன்றுக்கும் அது சரியாக வரும். ட்ரைக்குப் பொருந்தாது. அதனால் அதை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு தடவையும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், ஸ்டார்ட், பிகின் இரண்டுக்கும் இந்தக் கவலையே வேண்டாம். 'இட் ஸ்டார்ட்டட் ரெய்னிங்', 'இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்' இரண்டும் ஒரே மழைதான். 'இட் இஸ் ஸ்டார்ட்டிங்' என்று தொடங்கினால் மட்டும் 'டு ரெயின்' என்று முடியுங்கள். அடுத்தடுத்து இரண்டு ஐஎன்ஜி வந்தால் காதில் இடறும்.